நால்ரோட்டில் மாறிப்போன காரியங்கள்

எங்கள் செங்காட்டுப்பாளையத்து நால்ரோட்டைப் புதுசாகக் கட்டித் திறந்துவைத்த அன்று காலையில் அதைக் கடந்தவர்கள் யாரும் தங்கள் காரியத்துக்குப் போய்ச் சேரவில்லை, கூடவே கடந்த வேறு யாரோ ஒருவருடைய காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரிப்பன் வெட்டிய பெரிய மனிதரின் கார் அடுத்த விழா மேடைக்குப் போகாமல் நேராக ஆட்டுச் சந்தைக்குப் போய் நின்றது, அவரும் இறங்கி, துண்டுக்கடியில் கையை விட்டு ஒரு வியாபாரியின் விரல்களைப் பிடித்துப் பேரம் முடித்து, முன்பின் பழக்கமில்லாத அந்த வேலையை ஒரு குறையில்லாமல் செய்து, ஒரு ஜோடிக் கிடாய்களை ஓட்டிக்கொண்டு வந்தார். அதே நேரத்தில் ஆட்டு வியாபாரி செங்கோடன் கல்யாண மண்டபத்து மேடையில் ஏறிக் குத்துவிளக்கு ஏற்றி, பெண் கல்வியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கைதட்டல் வழக்கத்தைவிட அதிகம் என்று கேள்வி.

பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் 'இதென்னடா கூத்து' என்றோம், அவ்வளவுதான். அன்று வெயில் அதிகம், அவரவருக்கு வேலை கிடந்தது. நால்ரோட்டு மூலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற நாச்சிமுத்து நான். பழைய நால்ரோட்டை ஜனங்கள் கடந்த விதத்தையும் பார்த்தவன், புதுசைக் கடந்த விதத்தையும் பார்த்தவன். பழையதும் குழப்பம்தான், ஆனால் அது நம் வீட்டுக் குழப்பம். லாரிக்காரர் ஆரன் அடிப்பார், சைக்கிள்காரர் திட்டுவார், நடக்கிறவர் கையை நீட்டிக்கொண்டு நடுவில் புகுந்துவிடுவார், எப்படியோ எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். புதுசைக் கட்டியவர்கள் படித்தவர்கள். சைக்கிளுக்கு நீலப் பட்டை, நடக்கிறவருக்கு வெள்ளைக் கோடு, வண்டிக்கு மஞ்சள் அம்பு என்று நாலு பக்கமிருந்தும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டே வந்து, நடுவுக்கு வந்ததும் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்படியானால் யார் முதலில் போவது என்று கேட்டதற்கு, இது மூன்று பேருக்கும் பொதுவான இடம், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்று ஒரு போர்டை நட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் போய் இப்படிச் சொல்லலாமா? "நீங்க போங்க" என்று லாரிக்காரர் சொல்ல, "பரவால்லீங்க, நீங்க போங்க" என்று சைக்கிள்காரர் சொல்ல, "அட, நீங்க மொதல்ல போங்கன்னா" என்று நடக்கிறவர் சொல்ல, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அலுத்துப்போய் மூன்று பேரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தார்கள். அந்த நடு இடத்தில்தான் மாறியது.

மாறியது என்றால் மனசு மாறவில்லை. மனசுக்குத் தன் காரியம் நன்றாக ஞாபகம் இருந்தது. கால்தான் மாறியது, காலோடு சேர்ந்து சைக்கிள் மிதியும் ஸ்டீரிங்கும் மாறின. நான் பேங்குக்குப் போகணுமே என்று மனசு அடித்துக்கொள்ள, கால் பாட்டுக்கு யாருடைய மச்சினன் வீட்டுக்கோ நடந்து, படியேறிக் கதவைத் தட்டும். போன இடத்தில் கைக்கு எல்லாம் தெரிந்திருக்கும், எந்தப் பானையில் அரிசி இருக்கிறது, எந்தக் குழந்தைக்கு எப்படித் தலை பின்ன வேண்டும் என்று. அந்தக் காரியம் முடிகிற வரைக்கும் கால் விடாது. முடிந்ததும் விட்டுவிடும், ஆனால் திரும்பி வர மறுபடியும் நால்ரோட்டைத்தானே கடக்க வேண்டும்? வீட்டுக்குப் போவதும் ஒரு காரியந்தானே? எங்கள் ஊருக்கு வடக்கே ரயில் தண்டவாளம், தெற்கே சாயத்தண்ணி ஓடுகிற பள்ளம். மேற்கே வீடுகளும் தறிகளும் பனியன் கம்பெனிகளும், கிழக்கே ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் சந்தையும். இடையில் இருப்பது இந்த ஒரே வழி.

ஆட்டோ பிடித்துப் போனால் என்ன என்று கேட்பீர்கள். ஆட்டோவின் சக்கரம் ஓட்டுகிறவரின் காலைப் போலத்தான். ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகக் கடந்தால் மாறாது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார், மறுநாள் விடிகிற முன்பே ஊர் முழுக்க நால்ரோட்டில் வந்து நின்று, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் தறிக்கார மாரப்பனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போய், பழைய நால்ரோட்டு வழியாகவே அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர் மனைவி சாந்தாமணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ராத்திரி முழுக்கக் கூட இருந்துவிட்டு, விடிந்ததும் மாற்றுத்துணியும் கஞ்சியும் எடுத்துவர வீட்டுக்கு வந்தாள். கஞ்சி ஊற்றிய தூக்குப்போசியும் துணிப் பையுமாக அவள் திரும்பி வந்தபோது இங்கே ரிப்பன் வெட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். காலெடுத்து வைத்தாள். அன்றைக்கு அவள் கால் போனது தாலுகா ஆபீஸுக்கு, யாருடைய சாதிச் சான்றிதழுக்கோ. மாரப்பனுக்குக் கஞ்சி ஊட்டியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டிய வக்கீல் ஒருவர். அதற்குப் பிறகு ஒருநாள்கூட சாந்தாமணியின் கால் அவள் புருஷனிடம் போகவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு யார் வருவார் என்று தெரியாததால் பெண்கள் எல்லா அளவிலும் லுங்கி வாங்கிக் கொடியில் போட்டுவைத்தார்கள். வருகிறவர் கால் கழுவி, சாப்பிட்டு, பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, காரியம் முடிந்ததும் "வர்றனுங்க" என்று கிளம்புவார். வேறு யாரோ ஒருவர் வீட்டில் இந்த வீட்டுக்காரரும் அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கோர்ட்டில் எதிரி யார், வாதி யார் என்று பார்ப்பதை விட்டு, கூண்டில் வந்து நிற்பவரை வைத்து வழக்கை நடத்தினார்கள், தீர்ப்புகள் முன்னைவிட மோசமாக இல்லை. டவுன்பஸ் ஒன்று ஒரே நாளில் ஏழெட்டு நடை தொடர்ந்து ஒரே சீமந்த வீட்டு வாசலில் போய் நின்று, பயணிகள் எல்லோரும் வளையல் போட்டுவிட்டு வந்தார்கள். மாறிப்போய் வாங்கிய சாமான்களைப் போட என் கடை வாசலில் ஒரு பெரிய கூடை வைத்தோம், தைக்கக் கொடுத்த ஜாக்கெட், மூக்குக் கண்ணாடி, வெல்லம், ஒரு தடவை உயிருள்ள வாத்து. உடையவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை என்பதை ஊரின் பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

சரி பண்ணுவதற்கு ஆள் வராமலும் இல்லை. கட்டிய எஞ்சினியர் நீளமான டேப்போடு வந்தார், நடுவில் இறங்கினார், அப்படியே நடந்துபோய்ப் பள்ளத்தோரம் ஒரு எருமையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். அவருடைய காரியம் கொய்யாப்பழம் விற்கிற பழனாத்தாள் காலில் ஏறியது. அந்தம்மா ரோட்டை நீளத்தில் அளந்து, அகலத்தில் அளந்து, இளநீர் ஒன்று குடித்து, "எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்புறம் வந்த எஞ்சினியர்களுக்கும் இதேதான் நடந்தது. எருமைதான் தினமும் குளித்துப் பளபளவென்று ஆனது.

ஒரே ஒரு வழி இருந்தது, அதைச் சொன்னவர் டிராபிக் இன்ஸ்பெக்டர். ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் ஒன்றாகக் கடந்தால், காரியம் மாறினாலும் இடம் மாறாதல்லவா? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கும்பலாக, சந்தைக்காரர்கள் ஒரு கும்பலாகக் கடக்கட்டும் என்று இரண்டு கரையிலும் மைக் வைத்தார். வருகிறவர்கள் எங்கே போகிறோம் என்று மைக்கில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நல்ல யோசனை. ஆனால் எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போறீங்க என்று கேட்க மாட்டோம், கேட்டால் போகிற காரியம் விளங்காது. தூரமுங்களா என்றுதான் கேட்போம். அவரும் சொல்ல மாட்டார், சொன்னால் போன காரியம் பாதியில் நிற்கும். "இதா, இப்படித்தானுங்க" என்று கையைப் பொதுவாக வீசிவிட்டு நடப்பார். மைக்குக்கு முன்னால் வந்தும் அதைத்தான் சொன்னார்கள். பெரிய பெரிய மில் முதலாளிகள், வாத்தியார்கள், நர்சம்மாக்கள் எல்லோரும் வரிசையாக வந்து மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, "இதா, இப்படித்தானுங்க" என்றார்கள். ஊர் முழுக்க ஸ்பீக்கரில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. தன் கையால் தன் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? இன்ஸ்பெக்டரே ஒருநாள் கடக்க வந்தபோது அப்படித்தான் சொன்னார்.

சாந்தாமணியும் அப்படித்தான் சொன்னாள். தினமும் காலையில் தூக்குப்போசியோடு வருவாள், என் கடை வாசலில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குவாள்.

"தூரமுங்களா?" என்பேன். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இருந்தாலும் கேட்கிற முறை ஒன்று இருக்கிறதே.

"இதா, இப்படித்தானுங்கண்ணா," என்பாள்.

அவள் கால் போகாத இடம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்திருக்கிறாள், அது யாருடைய கோபமோ. பத்திர ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் கால் அவளை டியூசன் சென்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது, ஒரு சின்னப் பெண் வெளியே வந்ததும் சாந்தாமணியின் கை தானாக நீண்டு ஒரு சாக்லேட்டைக் கொடுத்தது. அந்தப் பெண் முகம் சிவந்து, "அவன் வரலீங்களா?" என்று கேட்டது. "அவன் எங்க போயி மாட்டிக்கிட்டிருக்கறானோ கண்ணு," என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு முடிகிற முன்பே அழுகை வந்துவிட்டது. நான் ஒரு ட்யூபை எடுத்துத் தண்ணியில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரப்பனுக்குக் குறை ஒன்றும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளுடைய காரியத்தை யார் தூக்கிக்கொண்டு போனாலும் அவர் கட்டிலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, கஞ்சியை ஆற்றி, வாயோரம் துடைத்து, உணர்வுள்ள இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முடிந்து திரும்புகிறவர்கள் என் கடையில் நின்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். "உங்க ஊட்டுக்காரருக்கு இன்னிக்கு நாந்தானுங்க கஞ்சி ஊத்துனேன், முக்கா டம்ளர் குடிச்சாருங்க" என்று ஒரு கண்டக்டர். "அக்கா, அண்ணனுக்குக் காதுக்குப் பின்னால சொறிஞ்சுவிட்டா நெம்பப் புடிக்குதுங்க, என்ற கைக்குத் தானா தெரிஞ்சுதுங்க" என்று காலேஜ் பெண் ஒருத்தி. அதைக் கேட்டதும் சாந்தாமணி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள். காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அதை ஊரில் இப்போது பாதிப் பேர் செய்து பார்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் ஒருவர் செல்போனை மாரப்பன் காதில் வைத்து அவளைப் பேசவைத்தார். குரலைக் கேட்டதும் அவர் அவளைத் தேடி எழுந்திருக்கப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அதிலிருந்து வார்டுக்குள் போனே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இல்லை என்பதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொள்வாராம். ஆனால் கையை மட்டும் விட மாட்டாராம்.

ஆவணி மாசத்தில் ஒரு சாயங்காலம், அன்றைக்கு அவள் காரியத்தை எடுத்துக்கொண்டு போயிருந்த ஹோட்டல்காரர் என் கடைக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே, அங்கே நின்றிருந்த சாந்தாமணியிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கஞ்சி எறங்குலீங்க அம்மிணி. இன்னியோ நாளைக்கோன்னு டாக்டரம்மா சொல்றாங்க. சொந்தக்காரங்க இருந்தா வரச் சொன்னாங்க."

"சொந்தக்காரின்னா நாந்தானுங்க," என்றாள் சாந்தாமணி.

மறுநாள் காலையில் அவள் என் கடை வாசலில் நிற்கவில்லை. தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு நேராக மைக்குக்குப் போனாள். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறனுங்க. என்ற ஊட்டுக்காரரு சாகப் போறாருங்க. அவியளைப் பாக்கோணுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க ஆராச்சும் இருந்தா தயவுபண்ணி என்றகூட வாங்க."

கிளம்புகிற நேரத்தில் காரியத்தைச் சொல்லிவிட்டாளே, அதுவும் சாவு என்று வாயால் சொல்லிவிட்டாளே என்று சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் ஜன்னலிலிருந்து ஒரு கை மேலே போனது, வாயைத் திறந்து சொல்லாமல் கையை மட்டும் தூக்கினார் டிரைவர் சென்னியப்பன். காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் தூக்கினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தூக்கினாள். ஒவ்வொன்றாகக் கைகள் போயின. எனக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். வேறு யாரும் இறங்க வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் கயிறு பிடித்தார். நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் சென்னியப்பனின் லாரியுமாக, யாரும் யாரையும் நீங்க போங்க என்று சொல்லாமல், ஒன்றாகக் காலெடுத்து வைத்தோம்.

எல்லோர் காலும் ஆஸ்பத்திரிக்கே போனது. சாந்தாமணியின் காலும் போனது. வாசல் ஆர்ச்சைத் தாண்டும்போது அவள் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு ஓடினாள், நாங்களும் கூடவே ஓடினோம். ஆண்கள் வார்டு வலது பக்கம். மாத்திரை கொடுக்கிற ஜன்னலும் அதே பக்கம்தான், வார்டு வாசலுக்கு நேர் எதிரே. ஜன்னலுக்கு முன்னால் ஆரம்பிக்கிற வரிசை வராந்தாவில் நீண்டு, ஒரு மூலை திரும்பி, படிக்கட்டு வரைக்கும் நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் போய் அவள் கால் நின்றுவிட்டது.

அவளுக்கு வந்தது சென்னியப்பனின் காரியம். மாசா மாசம் அவர் வாங்குகிற சுகர் மாத்திரை. சென்னியப்பன் வார்டுக்குப் போனதை நாங்கள் பார்த்தோம், மீசையும் காக்கிச் சட்டையுமாக அந்தப் பெரிய உருவம், அவள் கொண்டுவந்த தூக்குப்போசியைக் கையில் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து மூலை திரும்பிப் போனது.

"முன்னால போங்கம்மா," என்றார்கள் வரிசையில் நின்றவர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல். "நீங்க மொதல்ல வாங்கிட்டுப் போங்க." அவள் போகத்தான் பார்த்தாள். கால் எழவில்லை. சென்னியப்பன் ஒரு வரிசையிலும் குறுக்கே புகுந்தறியாத மனிதர், அவருடைய காரியம் அவர் செய்கிற விதத்தில்தான் நடக்கும். சரி, நாங்கள் விலகிக்கொள்ளலாம் என்றால் எங்கள் கால்களும் அவரவர் சுமந்துவந்த காரியத்தில் நட்டுவைத்ததுபோல நின்றன. இரண்டு ஆயாக்கள் வந்து அவளைத் தூக்கிப் பார்த்தார்கள், தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், பாதம் தரையை விடவில்லை. அப்படியானால் மாரப்பனின் கட்டிலை இங்கே தள்ளிக்கொண்டு வரலாமே என்று ஒருவர் கேட்டார். ஆக்சிஜன் மாட்டியிருக்கிறது, அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டு, தானும் அழுதார்கள்.

அவளுக்கு நேர் முன்னால் நின்றவன் நான். வரிசையில் முதலில் நின்றவருக்கு வார்டுக்குள் மாரப்பனின் கட்டில் தெரிந்தது. அவர் பார்த்ததைப் பின்னால் நின்றவரிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார், மூலை திரும்பி அது என்னிடம் வந்தது, நான் அவளிடம் சொன்னேன். அவள் சொன்னதை நான் முன்னால் சொன்னேன், அது அப்படியே போனது.

"கண்ணு தொறந்திருக்குதுங்களாம்," என்றேன்.

"எடது கையைப் புடிக்கச் சொல்லுங்கண்ணா. சோத்தாங்கைல உணர்ச்சியில்லை."

"எடது கையைத்தான் புடிச்சிருக்கறாராம்."

"கஞ்சி வேண்டாம். உதட்டை மட்டும் நனைக்கச் சொல்லுங்க."

அது போனது. டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், வரிசை ஒரு அடி நகர்ந்தது, அவள் கால் சந்தோசமாக ஒரு அடி வைத்தது. அந்த ஒரு அடிக்காக நான் அந்த ஜன்னல்காரரைக் கும்பிட்டிருப்பேன்.

"நனைச்சாராம். துணியை உறிஞ்சறாராம்."

"காதுக்குப் பின்னால..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "வேண்டாங்க. அவருக்கே தெரிஞ்சிருக்கும்."

இன்னொரு அடி. மூலை இன்னும் வரவில்லை. அவள் என் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியாது. பின்னால் நின்ற கைக்குழந்தைக்காரி குழந்தைக்குப் பால் கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது முன்னாலிருந்து ஒரு சலசலப்பு வந்தது, ஒருவரும் நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, மெதுவாக வந்தது.

"பேசறாராம்," என்றேன். "சாந்தான்னு கூப்படறாராம்."

பேச்சுப் போய் எத்தனையோ நாளான மனிதர். சாந்தாமணி இரண்டு கையாலும் என் முதுகைத் தள்ளினாள், எனக்கு முன்னால் இருந்தவர்மேல் நான் விழுந்தேன், அவர் அவருக்கு முன்னால் இருந்தவர்மேல் விழுந்தார், ஆனாலும் ஒருத்தர் காலும் இடத்தை விட்டு நகரவில்லை. "இங்கதான் இருக்கறேன்னு சொல்லுங்க," என்று கத்தினாள். "போகுலீன்னு சொல்லுங்க. இங்கயேதான் இருக்கறேன்னு சொல்லுங்கண்ணா." நான் சொன்னேன். அவர் சொன்னார். மூலை திரும்பிப் போவது கேட்டது, ஆண் குரல், பெண் குரல், இருமிக்கொண்டே ஒரு கிழவர் குரல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, இங்கதான் இருக்கறேன், இங்கதான் இருக்கறேன் என்று.

அதற்கப்புறம் பதில் வரவில்லை. ஜன்னலில் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஒருமுறை பாதி திரும்பினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் முன்னால் பார்த்துக்கொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் திரும்பவேண்டும், திரும்பி அவளிடம் சொல்ல வேண்டும், வேறு யாரும் அங்கே இல்லை. திரும்பினேன். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு, "சொல்ல வேண்டாங்கண்ணா," என்றாள்.

மூலை வந்தது, வார்டு வாசல் வந்தது. நான் யாருக்கோ இருமல் மருந்து வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவள் முறை வந்ததும் அவள் கை ஜன்னலுக்குள் போனது, மாத்திரைப் பொட்டலத்தை வாங்கியது, கால் விட்டது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே உடம்பைச் சுவரோடு சாய்த்து வழிவிட்டார்கள். அவள் ஓடவில்லை. இத்தனை நாளில் அவள் தன் காலால் தன் காரியத்துக்கு நடந்தது அந்தப் பத்துப் பதினைந்து அடிதான், துணைக்கு நானும் பின்னால் நடந்தேன். கிளம்பும்போது சொல்லாமல் இருந்திருந்தால் விளங்கியிருக்கும் என்று ஊரில் இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு, மைக்கில் மறுபடியும் இதா இப்படித்தானுங்க என்றுதான் சொல்கிறார்கள். அவர்களோடு சண்டைபோட எனக்குத் தெம்பில்லை.

சென்னியப்பன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாரப்பனின் இடது கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது. அவள் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்களைய அங்க நிக்கவெச்சது என்ற மாத்திரைங்களா?" என்றார். "குறுக்க பூந்து வாங்கற பழக்கம் எனக்கு எப்பவுமே கிடையாதுங்க அம்மிணி. தெரிஞ்சிருந்தா..." என்று மூக்கை உறிஞ்சினார்.

அவள் மாரப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க சொல்லிவுட்டது வர்றதுக்கு முன்னாலயே நான் சொல்லிப்போட்டனுங்க," என்றார் சென்னியப்பன். "சாந்தான்னு கூப்ட்டாங்க. 'ஏனுங்க, இங்கதான இருக்கறேன்'னு என்ற வாயில தானா வந்துருச்சுங்க. கொரலு என்ற கொரலுதானுங்க, லாரிக்காரன் கொரலு. ஆனா அவிய என்ற மொகத்தைப் பாத்துச் சிரிச்சாங்க, அப்பறந்தான் கண்ணை மூடுனாங்க. அவியளுக்கு அது போதும்னு ஆயிருச்சுங்க அம்மிணி."

சாந்தாமணி குனிந்து, புருஷனின் விரல்களை அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பத்தலீங்களேண்ணா," என்றாள்.